சித்திரக்காரர் ரெம்பிராண்ட்

ஐரோப்பியச் சித்திரக் கலையின் சரித்திரத்தைப் பல காலப் பகுதிகளாக வகுத்துக் கூறுவது அறிஞர் வழக்கம். இத்தாலியில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் சிறந்தோங்கிய மறுமலர்ச்சி முறை அளவையும் அமைதியையும் போற்றியது. அதன் பின் எழுந்த பரோக் முறையோ ஒளியையும் இருளையும் எதிர் நிறுத்தி, மாந்தர் உள்ளத்தின் அசைவைப் புலப்படுத்தியது. பின்னதிற் பெரும்புகழ் எய்திய ரெம்பிராண்டின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1606-ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்து லைடன் நகரில், மாவாலை நடத்திய ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். லத்தீன் கல்வியினும் சித்திரத்தையே இவர் மனம் நாடிற்று. லாஸ்ட்மன் என்னும் ஆசிரியரிடம் பயின்று, பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரிற் குடியேறினார். 1632-இல் மருத்துவர் துல்ப் உடற்கூறு கற்பிக்கும் காட்சியை எழுதிக் கீர்த்தி பெற்றார். 1634-இல் சாஸ்கியா என்னும் உயர்குடி நங்கையை மணந்தார். 1639-இல் 13,000 கில்டர் விலையில் ஒரு மாளிகையை வாங்கினார். அவ்விலையின் பெரும்பகுதி கடனாகவே நின்றது.

1642-இல் நகரக் காவற்படையினரைக் குறித்த மாபெரும் சித்திரத்தை முடித்தார். மேற்பூச்சு நாளடைவிற் கறுத்தமையால், பகற்காட்சியாகிய அது ‘இரவுக் காவல்’ எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே சாஸ்கியா, டைட்டஸ் என்னும் கைக்குழந்தையை விட்டு இறந்தனள்.

வரவு குறைந்தும் கலைப்பொருள்களை வாங்கும் ஆசை இவருக்குக் குறைந்திலது. 1656-இல் கடன் தீர்க்க இயலாமை கோர்ட்டில் வெளியாயிற்று. சேர்த்த பொருள்கள் ஏலம் போயின; 1658-இல் வீடும் விற்கப்பட்டது. இந்நிலையிற் கைகொடுக்க வேண்டிய சித்திரக்காரர் சங்கமோ, இவ்வாறு நொடித்தவர் நகரில் தம் தொழிலை வாணிகமாக நடத்தலாகாதென விதி செய்தது. அப்போது இவருடன் வாழ்ந்த ஹெண்ட்ரிக்யே என்னும் மாதும், மகன் டைட்டஸும் 1660-இல் ஒரு வாணிகக் கூட்டு அமைத்து, இவரை அதன் ஊழியராக வைத்துக் காத்தனர்.

தம் சங்கம் கதவடைத்த இவரைப் பிறிதொரு சங்கம் அழைத்தது. துணி வாணிகச் சங்கத்திற்காக, துணியின் தரம் சோதிக்கும் அதிகாரிகள் ஐவரையும் பணியாள் ஒருவனையும் 1662-இல் இவர் எழுதினார். யாரோ ஒருவர் உள்ளே நுழைய, அவரை நோக்கி அவர்கள் முகம் நிமிர்ந்தாற்போலத் தோன்றும் அச்சித்திரம், இவருடைய சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

1663-இல் ஹெண்ட்ரிக்யேயும் 1668-இல் டைட்டஸும் மாண்டனர். அத்துயரிலும் தம் முதிய முகத்தைத் தாமே ஒளிவின்றி எழுதி வந்த ரெம்பிராண்ட், 1669-ஆம் ஆண்டு அக்டோபர் 4-இல் இறந்து, வாடகைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

வரவறிந்து செலவிடாமை இவரது குறையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் நொடித்தவனை விலக்குதற்கு விதி செய்த சங்கத்திற்குப் பெருமை யாதுளது? வேலை தந்த சங்கத்தார் முகங்களோ 360 ஆண்டுகட்கு மேலாகியும் உலகோர் கண்முன் நிற்கின்றன. சங்கமாகக் கூடி வாழும் நாம் இதனைச் சிந்தித்தல் தகும்.