சல்லேகனை வேண்டி நின்ற சமந்தபத்திரர்

தென்னகத்தில் தோன்றி, ஜினதருமத்தின் பெருமையைப் பாரதமெங்கும் பரப்பிய பேராசான்களுள் சுவாமி சமந்தபத்திராசாரியர் தலைசிறந்தவர். ஆப்தமீமாம்சை, சுயம்பு ஸ்தோத்திரம், யுக்தியானுசாசனம், இரத்தினகரண்டக சிராவகாசாரம் முதலிய நூல்களை அருளியவர் அவரே. இரத்தினகரண்டகத்தின் பொருளைக் குறட்பா வடிவில் தரும் அருங்கலச்செப்பை நம் தமிழ்ச் சமணப் பெருமக்கள் வழிவழியாக ஓதி வருகின்றனர். ஆதலின் அப்பெருமானை அயலவராக நாம் எண்ணுவதற்கில்லை.

அவர் அரசகுலத்திற் பிறந்தவர் என்றும், உரகபுரத்து வேந்தனின் மைந்தர் என்றும், பிள்ளைப்பெயர் சாந்திவர்மர் என்றும் ஏட்டுக்குறிப்புகள் கூறும். உரகபுரம் என்பது நம் உறையூரே எனக் கருதுவாரும் உளர். அவர் வாழ்ந்த காலத்தை நம் மரபு கி.பி. 2ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளும். ஆராய்ச்சியாளர் சிலர் இன்னும் பிற்பட்டது என்பர். இளமையிலேயே உலக இன்பங்களைத் துறந்து, திகம்பர முனிவராகத் தீக்ஷை ஏற்றார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நோயும் வேண்டுகோளும்

துறவு நெறியில் குறைவின்றி ஒழுகிவந்த அவரைப் பஸ்மகம் என்னும் கொடுநோய் பற்றியது. உண்ட உணவெல்லாம் நொடியில் எரிந்து சாம்பலாகி, தணியாப் பசியால் உடலை வாட்டும் நோய் அது. முனிவரோ நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும், நின்றவாறே, கைகளையே கலமாகக் கொண்டு உண்பவர். அந்நோய்க்கு வேண்டிய அளவு உண்டால் விரதம் கெடும். உண்ணாவிடின் உடல் அழியும். மருந்து தேடித் திரிவதும் முனிவர்க்கு இயல்வதன்று.

வேதனை பெருகிய நிலையில் சமந்தபத்திரர் தம் குருவை அணுகினார். விரதம் கெட்டு வாழ்வதினும் விரதத்தோடு உடலை விடுவதே மேல் எனத் தாம் கருதுவதாகவும், சல்லேகனை ஏற்க அனுமதி தரவேண்டும் எனவும் பணிந்து வேண்டினார்.

குரு அனுமதி தரவில்லை. மாணவரின் ஆயுள் இன்னும் நெடிது என்பதையும், அவரால் தருமத்திற்கு ஆகவேண்டிய பணி மிகுதி என்பதையும் அவர் உணர்ந்தார். நிறைந்த உணவு கிடைப்பின் அந்நோய் தணியும் என்பதையும் அறிந்திருந்தார். எனவே முனிவேடத்தைச் சில காலம் நீக்கிவைத்து, எவ்விடத்திலேனும் வயிறார உண்டு நோயைத் தீர்த்துக்கொள்ளுமாறும், பின்னர் மீண்டும் தீக்ஷை ஏற்குமாறும் ஆணையிட்டார். உயிரினும் மேலாக விரதத்தைப் போற்றிய மாணவருக்கு இந்த ஆணை மரணத்தினும் கடினமாக இருந்திருக்கும். ஆயினும் குருவின் சொல்லை அவர் தலைமேற்கொண்டார்.

காஞ்சியில் நிகழ்ந்தது

வேடம் மாறி ஊர் ஊராகச் சென்றவர் காஞ்சி மாநகரை அடைந்தார் என இராஜாவளி கதை என்னும் கன்னட நூல் கூறுகின்றது. வடநாட்டு வழக்கிலுள்ள கதைநூல் இதனைக் காசியில் நிகழ்ந்ததாகச் சொல்லும். அந்நகரத்து மன்னன் சிவகோடி எழுப்பிய சிவாலயத்தில் நாள்தோறும் பெருமளவு அன்னம் படைக்கப்பட்டு வந்தது. அவ்வன்னத்தை இறைவனே ஏற்குமாறு தம்மால் செய்யமுடியும் எனச் சமந்தபத்திரர் கூற, மன்னன் இசைந்தான். கதவை அடைத்துக்கொண்டு அவரே அதனை உண்டு வந்தார். நாட்கள் செல்லச் செல்ல நோய் தணிந்தது, உணவும் மீந்தது. ஐயுற்ற மன்னன் இறைவனை வணங்கிக் காட்டுமாறு பணித்தான். அவர் இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் துதித்துச் சுயம்பு ஸ்தோத்திரத்தைப் பாடினார். எட்டாவது தீர்த்தங்கரரைத் துதித்தபோது சந்திரப்பிரப பகவானின் திருவுருவம் அங்கே வெளிப்பட்டது என்பது வரலாறு. சிவகோடி அவர்தம் மாணவனானான்.

மன்னனிடம் உண்மையை மறைத்தது முறையோ எனப் பிள்ளைகள் நம்மை வினவக்கூடும். முறையன்று என்பதே விடை. அதனாலன்றோ நலம் பெற்றதும் அவர் குருவை அடைந்து, பிராயச்சித்தம் ஏற்று, மீண்டும் தீக்ஷை பெற்றார்!

அதன்பின் அவர் ஆற்றிய பணி அளவிடற்கரியது. பாடலிபுத்திரம், மாளவம், சிந்து, விதிசை, காஞ்சி, கரஹாடகம் முதலிய இடங்களில் வாதமுரசு அறைந்து அவர் வென்றதைச் சிரவணபெளகுளத்தில் உள்ள கி.பி. 1129ஆம் ஆண்டுக் கல்வெட்டு போற்றுகின்றது. பஸ்மக நோயை அவர் வென்ற செய்தியும் அதிற் காணப்படுகின்றது. ஆப்தமீமாம்சைக்கு அகளங்கர் அஷ்டசதியையும், வித்தியானந்தர் அஷ்டசஹஸ்ரியையும் உரையாக இயற்றினர். குரு அன்று அனுமதி தந்திருந்தால் இச்செல்வங்களை நாம் இழந்திருப்போம்.

அவர் வகுத்த நெறி

சல்லேகனையின் இலக்கணத்தை இல்லறத்தார்க்குத் தெளிவாக வகுத்தவரும் இவரே என்பது சிந்திக்கத்தக்கது. தீர்க்க வழியில்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேரும்போது, தருமத்தைக் காக்கும்பொருட்டு உடலை விடுவதே சல்லேகனை. தீர்க்க வழியில்லாத என்னும் அடைமொழியே இங்கு உயிர்நிலை. வழியிருக்குமாயின் நோயைத் தீர்த்துக்கொள்வதே கடமை என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

முறையும் வகுத்தார். முதலில் அன்பு, பகை, பற்று, உடைமை ஆகியவற்றை நீக்குதல். சுற்றத்தாரிடமும் ஏவலரிடமும் மன்னிப்பு வேண்டி, தாமும் மன்னித்தல். செய்த பிழைகளை ஒளிக்காது உரைத்தல். அதன்பின்னரே திடவுணவைக் குறைத்துப் பால் போன்றவற்றையும், பின்பு நீர்த்த பானங்களையும் கொண்டு, படிப்படியாக உண்ணாநோன்பை அடைதல். நெடிது வாழ விரும்புவது போலவே, விரைவில் இறக்க விரும்புவதும் இந்நோன்பிற்குக் குற்றமாகும் என்றார். வேதனைக்கு அஞ்சி மரணத்தை அழைப்பது சல்லேகனை ஆகாது.

இன்று நெதர்லாந்து, கனடா முதலிய நாடுகளில், தீரா நோயுற்றோர் மருத்துவர் துணையுடன் உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. நம் நாட்டில் ஊசியிட்டு உயிரை முடிப்பதற்கு அனுமதியில்லை. எனினும் மீளவியலா நிலையில் கருவிகளால் உயிரை நீட்டிக்கவேண்டாம் என முன்னரே எழுதிவைக்க உச்சநீதிமன்றம் 2018இல் இசைவளித்தது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. சல்லேகனையைத் தற்கொலையாகக் கருதிய இராஜஸ்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2015 ஆகஸ்டிலேயே உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது.

ஆகவே நம் இல்லங்களில் முதியோர் ஒருவர் நோவினால் வாடி, போதும் எனக் கூறும்போது நாம் என் செய்வது? அவர்மேல் சினவாமலும், உடனே தலையசைக்காமலும், அருகமர்ந்து கேட்டல் வேண்டும். நோய்க்குத் தீர்வு உண்டா என்பதை நல்ல மருத்துவரிடம் அறிதல் வேண்டும். நோயைத் தீர்க்க இயலாவிடினும் நோவைத் தணிக்கும் மருத்துவம் இன்று உண்டு. அதனைத் தருதல் வேண்டும். அதன்பின்னும் அவர் சல்லேகனையை நாடின், முடிவு அவர் உள்ளத்தினின்றே எழவேண்டும். முனிவர் ஒருவரின் ஆணையும் வேண்டும். பணிவிடை செய்யும் சுமையைக் குறைக்கும் எண்ணம் பிள்ளைகளிடம் எள்ளளவேனும் இருத்தலாகாது.

திருநாதர்குன்றில் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரை நாம் வணங்குகிறோம். குருவின் ஆணையால் உயிர் வாழ்ந்த சமந்தபத்திரரையும் வணங்குகிறோம். விடுதற்குரிய காலத்தையும் காத்தற்குரிய காலத்தையும் பகுத்தறியும் நல்லறிவை அப்பெரியோர் திருவடிகள் நமக்கு அருளுக!