வில்கி காலின்ஸின் புகழ்பெறாத புதினங்கள்: வாழ்க்கையும் சட்டமும்

துப்பறியும் புதின வரலாற்றில் வில்கி காலின்ஸ் (1824–1889) ‘தி உமன் இன் ஒயிட்’, ‘தி மூன்ஸ்டோன்’ என்னும் இரு படைப்புகளாலேயே பெரிதும் அறியப்படுகிறார். சட்டமே குற்றத்தின் ஊற்றாக அமையும் அவருடைய பிற புதினங்கள் உரிய கவனம் பெறவில்லை. அவற்றுள் இரண்டை அவர்தம் வாழ்க்கையோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

இலண்டனில் ஓவியர் வில்லியம் காலின்ஸின் மூத்த மகனாகப் பிறந்த அவர், தேயிலை வணிக நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் எழுத்தராக இருந்தார். பின்னர்ச் சட்டம் பயின்று 1851இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார்; ஆயினும் அத்தொழிலை மேற்கொள்ளவில்லை. டிக்கன்ஸின் நட்பு வாய்த்ததும் அதே ஆண்டில்தான்.

கற்ற சட்டம் ‘நோ நேம்’ (1862) புதினத்தில் கதையின் முதுகெலும்பாகிறது. மணம் புரியாது வாழ்ந்த பெற்றோர் காலந்தாழ்ந்து மணம் செய்துகொள்கின்றனர். அத்திருமணமே தந்தை முன்னர் எழுதிய உயிலைச் செல்லாததாக்கிவிடுகிறது. புதிய உயில் எழுதுமுன் அவர் இரயில் விபத்தில் இறக்க, தாயும் மறைகிறாள். மகளிர் இருவரும் ஒரே நாளில் பெயரையும் உடைமையையும் இழக்கின்றனர். இளையவள் மேக்டலன் இழந்ததை மீட்க வஞ்சகத்தையும் மாறுவேடத்தையும் கைக்கொள்கிறாள். இங்குக் கண்டறிய வேண்டிய மறைபொருள் ஏதுமில்லை. குற்றம் செய்பவளின் பக்கம் நின்று வாசகர் அஞ்சுகிறார். ‘தி மூன்ஸ்டோன்’ புதிரைவிட இது துணிவான முயற்சி என்பது என் கருத்து.

‘தி லா அண்ட் தி லேடி’ (1875) ஸ்காட்லாந்து நீதிமுறையில் வழங்கிய ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்னும் தீர்ப்பைக் களமாகக் கொள்கிறது. முதல் மனைவியை நஞ்சிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பெற்று, விடுதலையாகியும் களங்கம் நீங்காத கணவனுக்காக வெலேரியா தானே புலனாய்வில் இறங்குகிறாள்.

காலின்ஸ் எவரையும் மணக்கவில்லை. கரோலின் கிரேவ்ஸுடன் வாழ்ந்த அவருக்கு மார்த்தா ரட் வழியே மூன்று பிள்ளைகள். அக்குடும்பத்தில் அவர் தாங்கிய பெயர் டாசன். இதைக் கொண்டு ‘நோ நேம்’ தன்வரலாற்றுச் சாயல் உடையது எனக் கொள்ளல் பொருந்தாது. முதல் மகள் பிறந்தது 1869இல்; புதினமோ ஏழாண்டுகள் முந்தியது. வாழ்க்கையே புனைவைப் பின்தொடர்ந்தது. ஆனால் புதினத் தந்தை செய்யத் தவறியதை அவர் செய்தார்: 1882இல் எழுதிய உயிலில் பிள்ளைகளைத் தம்மவரென ஏற்று, உடைமையை இரு குடும்பங்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

கென்சல் கிரீன் கல்லறைக் கல்லில் ‘தி உமன் இன் ஒயிட்’ பெயர் மட்டுமே உள்ளது. எஞ்சியவை யாவும் பிற புனைவுகள் என்னும் தொகைச் சொல்லில் அடங்கிவிட்டன.