ஈமக்கடனை எழுதிவைத்த மாலுமி

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பாலுள்ள கொட்டியாரக் குடாவைப் பற்றி உப்புவெளி மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமியின் வரலாற்றையும் நான் சேர்த்தே சொல்வதுண்டு.

புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பல், பழுது தீர்க்கும் பொருட்டு அக்குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டில் கப்பற்றலைவரையும், அவர் பெயரையே தாங்கிய மகனையும், உடன்வந்தோர் சிலரையும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஏவலர் சிறைப்பிடித்தனர். மூதூர்ப் புளியமரத்தடியிலேதான் அது நிகழ்ந்தது என்பது வழக்கு. அவ்விடத்தில் 1893இல் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் குளிர்காய்ச்சலால் நலிந்தனர். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். மகனுக்கோ அகவை இருபதளவே. உதவி வேண்டியபோது, பிணத்தின் கழுத்திற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லுமாறு மாடு கட்டும் கயிற்றையே ஊரவர் கொணர்ந்தனர். மனம் நொந்த மகன், கூலி கொடுத்து ஒருவனைத் துணைகொண்டு, நோயுற்ற தம் கைகளாலேயே குழியின் பெரும்பகுதியைத் தோண்டித் தந்தையை அடக்கம் செய்தார்.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679இல், நண்பர் ஒருவருடன் மல்வத்து ஓயா வழியே தப்பி, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவரது இலங்கை வரலாற்று நூல் வெளிவந்தது. மேன்மக்களை எரிப்பதும், ஏனையோரை மேற்கே தலைவைத்துக் காட்டிற் புதைப்பதும், மகளிர் கூந்தல் அவிழ்த்து இறந்தாரின் குணங்களைச் சொல்லிப் புலம்புவதும் அதிற் கூறப்பட்டுள்ளன. பிணம் எரிக்கும் முறையைக் காட்டும் செப்புத்தகட்டுப் படமும் உண்டு. தமக்கு நேர்ந்த கொடுமையை நினைந்து அப்பகுதியில் அவர் சினந்துரைத்ததாக நான் காணவில்லை.

குக் என்பாரின் கப்பலிற் சென்ற ஓவியர் சிட்னி பார்க்கின்சன், 1769இல் தாகித்தித் தீவில் இறந்தோரைக் கிடத்தும் மேடையை வரைந்தார். அக்கப்பல் அங்கே தங்கியது மூன்று திங்களே. நொக்ஸோ அம்மக்களிடையே வாழ்ந்து, அவர் மொழி பேசி, அவர் துயரையும் கண்டவர். வந்தவன் காண்பதற்கும் வாழ்ந்தவன் காண்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

சிறைப்பட்டு வந்த அயலவர் ஒருவர் இத்துணை எழுதிவைத்தார். நம் ஊர் மூதாட்டியர் நெஞ்சில் வாழும் ஒப்பாரிகளை எழுதிவைக்க வேண்டிய கடன் யாருடையது? மாணாக்கர் சிந்திப்பாராக.