சிற்பங்களுக்குச் சொல் தந்தவர்

ஒரு நாட்டின் கலைப்பொருள் பிறிதொரு நாட்டின் அருங்காட்சியகத்தில் வைக்கப்படும்போது, அதற்கு இருவகை நிலைகள் நேரக்கூடும். காண்போர் வியந்து கடந்து செல்லும் விந்தைப் பொருளாக அது நின்றுவிடலாம். அன்றி, ஒரு மக்களின் வாழ்வையும் வழிபாட்டையும் சிந்தனையையும் எடுத்துரைக்கும் சான்றாக அது மதிக்கப்படலாம். இந்திய, இலங்கைக் கலைச்செல்வங்களை முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர்த்த வாழ்நாள் முழுதும் உழைத்தவர் கலையோகி ஆனந்த குமாரசுவாமி.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22 ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக விளங்கிய தமிழ் வழக்கறிஞர். அரிச்சந்திரன் கதையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்ற அறிஞர். தாயார் எலிசபெத் பீபி, ஆங்கிலப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையார் மறைந்தார். தாயின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்த ஆனந்தர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று பட்டம் பெற்றார்.

கனிமத்திலிருந்து கலைக்கு

1903 ஆம் ஆண்டு இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தோரியனைட்டு என்னும் புதிய கனிமத்தைக் கண்டறிந்தது அவருடைய அறிவியல் பணியின் சிறப்பாகும். ஆயினும், பாறைகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற அவருடைய கண்களில் வேறொன்றும் பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தந்தத்திலும் மரத்திலும் உலோகத்திலும் அழகு சமைத்த கண்டிப் பகுதிக் கைவினைஞர் தொழிலிழந்து வாடினர். ஆலைகளில் செய்து இறக்குமதியாகும் மலிவுப் பொருள்கள் அவர்களுடைய இடத்தைப் பிடித்திருந்தன. படித்தவர்களோ மேலைநாட்டு நடையுடை பாவனைகளையே நாகரிகமெனக் கருதினர்.

இந்நிலை கண்டு வருந்திய ஆனந்தர், துணைவியார் எதெலுடன் கைவினைஞர்களின் இல்லங்களுக்கே சென்று, அவர்கள் கையாளும் கருவிகளையும் முறைகளையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். எதெல் நிழற்படங்கள் எடுத்தார். அவ்வுழைப்பின் பயனாக, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908 ஆம் ஆண்டு வெளிவந்தது. கையால் இயக்கும் அச்சுப்பொறியில் அச்சிடப்பட்ட அந்நூலின் படிகள் 425 மட்டுமே. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர், சிங்களக் கைவினைஞரின் மரபை அவர்களுடைய நோக்கிலிருந்தே எழுதினார் என்பது எண்ணத்தக்கது. பிற பண்பாட்டை அறிய விரும்புவோர் முதலில் அதனை உருவாக்கியவர்களிடம் செவிசாய்க்க வேண்டும் என்னும் நெறி அவரிடம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இகழ்ச்சிக்கு மறுமொழி

அக்காலத்தில் மேலைநாட்டு அறிஞர் பலர் கிரேக்கச் சிற்பத்தையே அளவுகோலாகக் கொண்டு இந்தியச் சிற்பங்களை அளந்தனர். பல கைகளையுடைய தெய்வ வடிவங்களை இயற்கைக்கு மாறானவை என ஒதுக்கினர். 1910 ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த கூட்டமொன்றில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பார், தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலையை வேகவைத்த மாப்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். அவ்வாண்டிலேயே ஆனந்தரும் ஈ.பி. ஹேவல் முதலியோரும் இணைந்து இலண்டனில் இந்தியக் கழகத்தை நிறுவினர்.

வடிவின் பொருளை உணராமையே இகழ்ச்சிக்குக் காரணம் என்பதை அறிந்த ஆனந்தர், விளக்கத்தையே மறுமொழியாக்கினார். சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை இதழில் 1912 ஆம் ஆண்டு சிவநடனம் பற்றிய கட்டுரையை எழுதினார். திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களின் துணைகொண்டு நடராசர் திருவுருவின் உட்பொருளைப் புலப்படுத்தினார். உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என அவர் விளக்கியபோது, நான்கு கைகள் ஏன் என்னும் வினாவுக்கு விடை கிடைத்தது. அதுகாறும் மொகலாய அரசவை ஓவியங்களின் நிழலில் மறைந்திருந்த இராசபுத்திர ஓவியங்கள் தனியொரு மரபு என்பதையும் 1916 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலால் நிலைநாட்டினார்.

பாஸ்டன் அருங்காட்சியகத்தில்

தாம் திரட்டிய ஓவியங்களும் சிற்பங்களும் இந்திய மண்ணிலேயே இருக்க வேண்டும் என்பதே ஆனந்தரின் விருப்பமாக இருந்தது. காசியில் தேசியக் கலைக்கூடம் ஒன்று அமைக்கப்படுமாயின் அவையனைத்தையும் வழங்க முன்வந்தார். அம்முயற்சி கைகூடவில்லை. முதல் உலகப்போர் மூண்டபோது, இந்தியாவை அடிமைப்படுத்திய அரசுக்காகப் போர்ப்பணி ஆற்ற அவர் இசையவில்லை, அமெரிக்கா சென்றார். 1917 ஆம் ஆண்டு அவருடைய தொகுப்பு, டென்மன் ராஸ் என்பாரின் கொடையால் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஆனந்தரும் அங்கேயே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். தாயகத்தில் இடம்பெறாத செல்வம் அயலகத்தில் இடம்பெற்றது. இதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு.

அவ்விழப்பை ஈடுசெய்வார்போல, அடுத்த முப்பது ஆண்டுகளும் அவர் அங்கே உழைத்தார். காட்சிப்பொருள்களுக்கு விரிவான விளக்கப் பட்டியல்களை வெளியிட்டார். சிலையின் காலத்தையும் இடத்தையும் குறிப்பதோடு அமையாமல், முத்திரைகளும் ஏந்திய பொருள்களும் உணர்த்தும் கருத்தைச் சமற்கிருத, பாலி நூல்களின் வழி விளக்கினார். புத்தர் திருவுருவம் கிரேக்கர் தந்தது என்னும் கொள்கையை மறுத்து, அது மதுரா நகரின் இந்திய மரபிலேயே தோன்றியது எனச் சான்றுகளுடன் 1927 ஆம் ஆண்டு எழுதினார்.

அருங்காட்சியகத்தின் கடமை

கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்னும் வினாவை எழுப்பி, 1943 ஆம் ஆண்டு அவர் ஒரு நூலை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது அவர் கருத்து. திருவுருவம் வழிபடுவதற்காகவும், கிண்ணம் உண்பதற்காகவும், ஆடை உடுப்பதற்காகவும் ஆக்கப்பட்டவை. ஆகவே, கண்ணுக்கு இன்பமூட்டுவதோடு அருங்காட்சியகத்தின் கடமை முடிவதில்லை. அப்பொருள் எதற்காக, யாருக்காக, எந்த நம்பிக்கையில் ஆக்கப்பட்டது என்பதை அறிவிப்பதே அதன் தலையாய கடமை என்றார். மன்னர்க்கு ஆக்கிய அணிகலனையும் குடியானவர் வீட்டுப் பானையையும் கலையென்றே அவர் மதித்தார்.

பாரதம் விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில் ஆனந்தருக்கு எழுபது வயது நிறைந்தது. பணியிலிருந்து விலகி இந்தியா திரும்பவும், இமயத்தின் அடிவாரத்தில் அமைதியாக வாழவும் அவர் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன், செப்டம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் மாசச்சூசெட்சு மாநிலத்தில் மறைந்தார்.

இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் பல இனத்தாரின் கலைகள் அருகருகே இடம்பெறுகின்றன. அவற்றை எவ்வாறு காட்டுவது, யார் பொருளுரைப்பது, எங்கே வைப்பது என்னும் வினாக்கள் இன்னும் எழுந்தவண்ணமே உள்ளன. ஆக்கியோரின் நோக்கை அறியாமல் எந்தக் கலையையும் மதிப்பிடலாகாது என்பதே இவற்றுக்கு ஆனந்த குமாரசுவாமி தம் வாழ்வால் அளித்த விடையாகும்.