சரிவைக் கண்டு சத்தமிட்ட காவற்காரன்



இந்த மாதம் ஒரு தேவ ஊழியரின் ஜீவியத்தை உங்கள் முன் வைக்கும்படி கர்த்தர் என் இருதயத்தில் ஏவினார். அவர் லண்டன் பட்டணத்தில் ஊழியம் செய்த சார்லஸ் ஹாடன் ஸ்பர்ஜன். பிரசங்கிகளின் இளவரசர் என்று அவருக்குப் பேர். அவர் கூட்டங்களுக்கு ஜனங்கள் எப்படித் திரண்டு வந்தார்கள் என்று பலமுறை கேட்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லி வந்தேன். ஆனா அவருடைய கடைசி ஐந்து வருஷங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கூட்டம் நிரம்பி வழிந்த காலத்திலேயே, சபைக்கு உள்ளே வியாதி பிடித்திருக்கிறது என்று சொன்னவர் அவர். அப்படிச் சொன்னதற்குப் பெரிய கிரயம் செலுத்தினார். அந்தப் பகுதிதான் இன்று நமக்கு வேண்டியது.

பனி பெய்த ஒரு காலை

ஸ்பர்ஜன் 1834 ஜூன் 19-ந் தேதி இங்கிலாந்து தேசத்தில் எஸெக்ஸ் பகுதியிலுள்ள கெல்வெடன் என்ற ஊரிலே பிறந்தார். தகப்பனும் பாட்டனும் ஊழியக்காரர்கள். வீடு நிறைய வேதப் புத்தகங்கள். ஆனாலும் பையனுக்கு இரட்சிப்பின் நிச்சயம் இல்லை. ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதினாலே யாரும் பரலோகம் போக முடியாது, இல்லீங்களா?

1850 ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலத்த பனி பெய்ததினாலே போக நினைத்த இடத்துக்குப் போக முடியாமல், கோல்செஸ்டர் நகரத்திலே ஒரு சின்ன மெத்தடிஸ்ட் ஆலயத்துக்குள் ஒதுங்கினார். வர வேண்டிய பிரசங்கியாரும் வரவில்லை. அதிகம் படிப்பில்லாத ஒரு சாதாரண மனுஷன் எழுந்து ஏசாயா 45:22-ஐ வைத்துப் பேசினார். வேறொன்றும் சொல்லத் தெரியாமல், கிறிஸ்துவை நோக்கிப் பார் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அந்த 15 வயதுப் பையனையே நேராகப் பார்த்து, நோக்கிப் பார்க்கச் சொன்னார். அவன் நோக்கிப் பார்த்தான். பாரம் நீங்கியது. அல்லேலூயா!

அதே வருஷம் மே 3-ந் தேதி லார்க் என்ற ஆற்றிலே இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். அவர் குடும்பத்தார் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கிற சபையைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் வசனத்திலே கண்டதற்குக் கீழ்ப்படிந்தார். வசனம் சொன்னால் போதும் என்ற இந்தக் குணம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

கூட்டமும் கண்ணீரும்

வேதாகமக் கல்லூரியில் சேருவதற்காக அதன் தலைவரைச் சந்திக்கக் கேம்பிரிட்ஜில் ஒரு வீட்டுக்குப் போனார். வேலைக்காரப் பெண் இருவரையும் வெவ்வேறு அறைகளிலே உட்கார வைத்துவிட்டாள். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, சந்திக்காமலே போய்விட்டார்கள். ஸ்பர்ஜன் கடைசிவரை கல்லூரிக்குப் போகவில்லை. என் வீட்டுச் சுவரிலே என் டிப்ளமோ மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் நினைவுக்கு வந்து என்னைத் தாழ்த்துகிறது. ஆனா அவர் படிப்பை அலட்சியம் பண்ணினவர் அல்ல. இரவும் பகலும் வாசித்தவர். மற்றவர்கள் படிக்க வேண்டும் என்று 1856-ல் போதகர்களுக்கான கல்லூரியையே ஆரம்பித்தார்.

1854-ல், 19 வயதிலே, லண்டன் நியூ பார்க் தெரு சபைக்குப் போதகரானார். அப்போது அங்கத்தினர் 232 பேர். சீக்கிரத்திலே இடம் போதாமல் வாடகை அரங்கங்களைத் தேட வேண்டியதாயிற்று. 1856 அக்டோபர் 19-ந் தேதி சர்ரே கார்டன்ஸ் இசையரங்கத்திலே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தபோது, யாரோ தீ என்று பொய்யாகக் கூச்சலிட்டார்கள். நெரிசலிலே 7 பேர் மரித்தார்கள். அவருக்கு வயது 22. மனைவி சூசன்னாளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. அந்த அதிர்ச்சியிலே மனமுடைந்து போனார். மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவரை வந்து வந்து தாக்கியது. வாத நோயினாலே பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். சூசன்னாளும் நெடுங்காலம் வியாதிக்காரி.

1861-ல் மெட்ரோபாலிட்டன் டாபர்னக்கிள் என்ற பெரிய ஆலயம் திறக்கப்பட்டது. அவருடைய ஊழியக் காலத்தில் 14,000-க்கும் அதிகமானோர் அந்தச் சபையிலே சேர்ந்தார்கள். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டினார். பட்டயமும் கரணையும் என்று பொருள்படும் பேரிலே மாதப் பத்திரிகை நடத்தினார்.

அவரும் நம்மைப் போல மனுஷன்தான். சுருட்டுப் பிடித்தார். 1874-ல் அது பத்திரிகைகளிலே பெரிய பேச்சானது. நாம் மனுஷனை ஆராதிக்கிறவர்கள் அல்ல. அசூசா தெருவிலே 1906-ல் எழுப்புதல் வருவதற்கு 14 வருஷங்களுக்கு முன்னமே அவர் மரித்துப் போனார். பெந்தெகொஸ்தே சத்தியங்கள் எல்லாவற்றிலும் அவர் நம்மோடு நிற்கிறவர் அல்ல. ஆனா அவர் கண்ட ஆபத்து நம் வாசலிலும் நிற்கிறது.

சரிவுப் பாதை

1887-ல் அவருடைய பத்திரிகையிலே சரிவுப் பாதை என்ற கருத்திலே கட்டுரைகள் வந்தன. முதல் கட்டுரைகளை அவருடைய நண்பர் ராபர்ட் ஷிண்ட்லர் எழுதினார். ஆகஸ்ட் மாதம் முதல் ஸ்பர்ஜனே எழுதினார். ரயில் வண்டி இறக்கத்திலே போகும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வண்டி நன்றாக ஓடுகிறது என்றுதான் நினைப்பான். சபையும் அப்படித்தான்.

அவர் கண்டது என்ன? இயேசுவின் இரத்தத்தினாலே உண்டான பாவநிவாரணத்தைச் சில பிரசங்கிகள் பழங்கதை மாதிரி ஒதுக்கினார்கள். வேதம் தேவனால் அருளப்பட்டது என்பதைச் சந்தேகித்தார்கள். பாவத்துக்குத் தண்டனை உண்டு என்பதை மழுப்பினார்கள். பரிசுத்த ஆவியானவரை ஆள்தத்துவமுள்ள தேவன் என்று சொல்லாமல் வெறும் ஒரு செல்வாக்காக ஆக்கினார்கள். ஆனா பழைய வார்த்தைகளை விடவில்லை! சுவிசேஷம், கிருபை, சிலுவை எல்லாம் வாயிலே இருந்தது. உள்ளே இருந்த பொருளைத்தான் எடுத்துப்போட்டார்கள். தேங்காய் முழுசாகத்தான் தெரியும், உடைத்தால்தான் அழுகல் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தார். உபதேசம் கெட்ட இடத்திலே ஜெபக்கூட்டம் முதலாவது மெலிந்து போனது. ஊழியக்காரர்களே நாடகக் கொட்டகைக்குப் போகத் தொடங்கினார்கள். தலை கெட்டால் முழங்காலும் கெடும் என்று கண்டார். அவருடைய சபையிலே திங்கட்கிழமை ஜெபக்கூட்டத்தைச் சபையின் உயிராகவே எண்ணினார்.

தனித்து நின்றார்

அவர் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் ஐக்கியத்திலே, முழுக்கு ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொண்டால் போதும் என்பதைத் தவிர விசுவாச அறிக்கை என்று ஒன்றும் இல்லை. ஆகவே, ஞானஸ்நானம் சரியாக இருந்து மற்ற எல்லாம் தவறாக இருந்தாலும், யாரையும் கேள்வி கேட்க வழியில்லை. ஸ்பர்ஜன் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை. 1887 அக்டோபர் 28-ந் தேதி ஐக்கியத்தை விட்டு விலகினார்.

1888 ஜனவரியிலே ஐக்கியத்தின் ஆலோசனைச் சங்கம் அவருடைய விலகலை ஏற்றுக்கொண்டு, அவர்மேலேயே கண்டனத் தீர்மானம் போட்டது. பேர்களைச் சொல்லாமல் குற்றம் சாட்டினார் என்பது அவர்களுடைய வாதம். ஏப்ரல் மாதம் பேரவை கூடி, இரு பக்கத்தாரும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரித்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர், எதிர்த்தவர்கள் 7 பேர். அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தவர் ஸ்பர்ஜனின் சொந்தத் தம்பி ஜேம்ஸ்! அவருடைய கல்லூரியிலே படித்து வெளியே போனவர்களிலும் சிலர் அவரை விட்டு விலகினார்கள். அப்பம் புசித்தவர்களே விலகிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேர்களைச் சொல்லி எவரையும் சந்தியிலே நிறுத்த அவருக்கு மனதில்லை. தனக்கென்று ஒரு புதிய சபைப் பிரிவை உண்டாக்கவும் மறுத்தார். இன்று பதவிக்காகவும், காணிக்கைக்காகவும், ஒலிபெருக்கி யார் கையில் என்பதற்காகவும் சபையை உடைத்துவிட்டு, சத்தியத்துக்காக வெளியே வந்தோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்பர்ஜன் பேரை அதற்கு இழுக்கக் கூடாது.

1891 ஜூன் 7-ந் தேதி தன் ஆலயத்திலே கடைசியாகப் பிரசங்கித்தார். 1892 ஜனவரி 31-ந் தேதி பிரான்ஸ் தேசத்து மென்டோன் ஊரிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 57 மட்டுமே. இந்தப் போராட்டமே அவர் ஆயுசைக் குறைத்தது என்று சூசன்னாள் நம்பினார்கள்.

நம்ம சபை எப்படி இருக்கு?

பிரியமானவர்களே, நான் ஒரு அறிக்கை செய்ய வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னே, வருஷம் முழுவதும் ஆசீர்வாதச் செய்திகளையே கொடுத்து வந்தேன். கடன் தீரும், வீடு கிடைக்கும், வியாதி விலகும் என்று பேசினால் ஆமென் சத்தம் பலமாக வந்தது. கூட்டமும் பெருகியது. எனக்கும் சந்தோஷம். அந்த நாட்களிலே ஒரு சகோதரியின் புருஷன் வியாதியிலே மரித்துப் போனார். அடக்கம் முடிந்து வீட்டிலே உட்கார்ந்திருந்தபோது, தன் விசுவாசம் குறைவாக இருந்ததினாலேதான் அவர் செத்துப் போயிட்டாரோன்னு அந்த அம்மா என்னைக் கேட்டாங்க. என் வாயிலே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் உள்ளத்திலே விதைத்தவன் நான்தான்! உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அந்த வருஷம் ஈஸ்டர் தவிர எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் பேசியிருக்கவில்லை.

தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா வியாதிப்படுக்கையிலே கிடந்த ஸ்பர்ஜனைத் தேவன் கைவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பிரசங்கிக்காவிட்டால், நான் சொல்வது பாதி சத்தியம்.

அவர் காலத்திலே ஆவியானவரை வெறும் செல்வாக்கு என்றார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஆனா அபிஷேகத்தை கரண்ட் மாதிரி, சுவிட்ச் போட்டால் வருகிற பவர் மாதிரி பேசுகிறோமே, அது மட்டும் என்ன? கிறிஸ்துவை மகிமைப்படுத்த வந்த தேவனை, நம் காரியத்தை முடிக்கிற சக்தியாக ஆக்கிவிட்டோமானால் நாமும் அதே சரிவிலேதான் இருக்கிறோம். அந்நியபாஷை பேசிக்கொண்டே சரியலாம். உற்சாகமாகக் கைதட்டிக்கொண்டே சரியலாம்.

ஆகவே, கூட்டத்தை எண்ணிச் சபையின் சுகத்தை நிதானிக்காதிருப்போம். கடைசி மூன்று மாதப் பிரசங்கங்களிலே இயேசுவின் சிலுவை எத்தனை முறை மையமாக இருந்தது? ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் ஜெபக்கூட்டத்திலே முழங்காலில் நிற்கிறோம்? நாம் எதை விசுவாசிக்கிறோம் என்று நம்ம பிள்ளைகளைக் கேட்டால் பதில் சொல்வார்களா? பாஸ்டர் சொன்னார் என்று மட்டும் சொன்னால் அது போதாது. பெரேயா பட்டணத்தாரைப் போல வேதத்தைத் திறந்து பாருங்கள். நான் சரிந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டேன்.

கோல்செஸ்டரில் பேர் தெரியாத ஒருவர் கிறிஸ்துவை நோக்கிப் பார் என்றார். ஒரு பையன் பார்த்தான். அதற்கு மேலான செய்தி அந்தக் காலத்திலும் இல்லை, இந்தக் காலத்திலும் இல்லை. எழுப்புதல் வேண்டுமென்று ஜெபிக்கிற நாம், முதலாவது அங்கே திரும்புவோம். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் சத்தியத்திலே நிலைநிறுத்துவாராக. ஆமென்.