தாடைக்கும் ஓய்வு உண்டென்று கூறிய ஜான் ஹண்டர்

அக்டோபர் 16 என்றதும் கயத்தாற்று மக்களின் நினைவில் எழுபவர் வீரபாண்டிய கட்டபொம்மன். அவர் 1799இல் இங்கே தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1793இல், அதே அக்டோபர் 16 அன்று இலண்டனில் ஓர் அறுவை மருத்துவர் மறைந்தார். அவர்தான் ஜான் ஹண்டர். இருவருக்கும் நாள் ஒன்று என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை. ஆயினும் நம் வாய்க்குள் நாள்தோறும் நிகழும் ஓர் உண்மையைக் கண்டு எழுதியவர் என்பதால் ஹண்டரின் வரலாறு நாம் அறியத்தக்கது.

1728ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில், பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டியாய்ப் பிறந்தார். பள்ளிப் பாடங்களில் மனம் செல்லவில்லை. எறும்பையும் தேனீயையும் பறவையையும் கண்டு திரிவதிலேயே பொழுது போயிற்று. 1748இல் இலண்டன் சென்று, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் உதவியாளரானார். பட்டம் ஏதும் இல்லாத அந்த இளைஞருக்குக் கையும் கண்ணுமே ஆசான்களாயின. 1761 முதல் இரண்டாண்டுகள் படை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியபின், ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் பல் வைத்தியருடன் சேர்ந்து உழைத்தார். பல் பிடுங்குவதைப் பெரிய மருத்துவர்கள் இழிவாக எண்ணிய காலம் அது. ஹண்டரோ அதனை அறிவியலாகக் கண்டார்.

அதன் பயனாக 1771இல் மனிதப் பற்களின் இயற்கை வரலாறு பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பல்லின் அமைப்போடு, தாடை அசையும் விதத்தையும் மெல்லும் தசைகளின் வேலையையும் அதில் விளக்கினார். எந்த மூட்டும் ஒரு கோடிக்குச் சென்றால் தசைகள் வருந்தும்; நடுநிலையில்தான் அவை தளரும்; ஆகவே சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பது அவர் கண்ட முடிவு.

நண்பர்களே, இதை வாசிக்கும்போதே சோதித்துப் பாருங்கள். உதடுகள் மூடியிருக்கும்; பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்கும். அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் என்று பிற்கால மருத்துவர்கள் அளந்தனர். இப்போது கடலைமிட்டாயைக் கடிப்பதுபோல் பற்களை இறுக்குங்கள். கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தசை திரள்வதை விரலால் உணரலாம். இருபதாம் நூற்றாண்டில் தசையின் மின்னோட்டத்தை அளக்கும் கருவி வந்தபின், ஓய்வுநிலையில் இத்தசைகளின் வேலை மிகக் குறைவு என்பது தெரிந்தது. வாய் இன்னும் சற்றுத் திறந்த நிலையில் அது மேலும் குறையக்கூடும் என்பதும் தெரிந்தது.

இதனால் என்ன பயன்? பல்லிழந்த முதியவருக்குப் பல்செட்டுக் கட்டும்போது இந்த இடைவெளியை விட்டே கட்டவேண்டும். உயரம் கூடிவிட்டால் பேசும்போது பற்கள் மோதி ஓசை எழும். தசைக்கு ஓய்வே இராது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று பெரியோர் சொல்வதுண்டு. பொறுமை நல்லதே, ஆனால் நாள் முழுதும் உண்மையிலேயே பல்லைக் கடித்திருப்பவருக்குத் தாடையும் தலையும் வலிக்கலாம்.

ஹண்டரிடம் குறையும் உண்டு. ஏழைச் சிறுவரின் பற்களைக் காசு கொடுத்துப் பிடுங்கிச் செல்வர் வாயில் பொருத்தும் வழக்கத்தை அவர் ஆதரித்தார். அப்பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை, நோயும் பரவியது. சேவற்கொண்டையில் மனிதப் பல்லை நட்டுச் சோதித்த அறிஞர், பல்லை விற்ற சிறுவன் இனி எதைக் கொண்டு மெல்லுவான் என்று எண்ணவில்லை. அறிவு கூர்மையானால் மட்டும் போதாது, அருளும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1776இல் அரச மருத்துவராக உயர்ந்தார். அம்மைத் தடுப்பு முறை கண்ட எட்வர்ட் ஜென்னர் அவர்தம் மாணவரே. நெஞ்சு வலியால் பல்லாண்டு துன்புற்ற ஹண்டர், தாம் பணியாற்றிய செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நடந்த கூட்டமொன்றில் வாதிட்டபின் அங்கேயே உயிர் துறந்தார். அவர் சேர்த்த பல்லாயிரம் உடற்கூற்றுப் பொருள்களை 1799இல் ஆங்கில அரசு 15,000 பவுனுக்கு வாங்கியது.

ஏட்டில் இருந்ததை மட்டும் நம்பாமல், எதிரே இருந்ததைப் பார்த்தவர் ஹண்டர். அவரிடம் அந்தப் பார்வையைக் கற்போம். அவர் பார்க்கத் தவறிய ஏழை முகங்களையும் சேர்த்தே பார்ப்போம்.