கென்னடியின் முதுகுவலி: ஊசி எவ்வளவு தூரம் கைகொடுத்தது?

அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றவர்களிலேயே மிக இளையவர் ஜான் எஃப். கென்னடி. 1960-ல் ஜெயித்தபோது வயது 43. டிவியில் பார்த்தவர்களுக்கு அவர் துடிப்பான ஆள். ஆனா கேமராக்கள் இல்லாத நேரத்தில் ஊன்றுகோல் பிடித்து நடந்த நாட்களும் உண்டு. காரணம், கீழ் முதுகு வலி.

வலி எங்கே ஆரம்பித்தது?

ஹார்வர்டில் படிக்கும்போதே முதுகுப் பிரச்சினை இருந்தது. 1943 ஆகஸ்ட்டில், சாலமன் தீவுகள் அருகே அவர் தலைமையேற்றிருந்த பி.டி.-109 படகை ஜப்பானிய போர்க்கப்பல் மோதி உடைத்தது. காயம்பட்ட வீரர் ஒருவரின் லைஃப் ஜாக்கெட் வாரைப் பல்லில் கடித்தபடி, மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்த்தார். முதுகு இன்னும் மோசமானது.

1944-ல் நடந்த ஆபரேஷன் பலன் தரவில்லை. 1947-ல் அடிசன் நோய் இருப்பது தெரிந்தது. அட்ரீனல் சுரப்பி தேவையான ஹார்மோனைச் சுரக்காத இந்த நோய் இருந்தால், எந்த ஆபரேஷனும் ரிஸ்க்தான். அப்படியும் 1954-ல் கீழ் முதுகில் உலோகத் தகடு வைத்தார்கள். தொற்று ஏற்பட்டு கோமாவுக்குப் போனார். பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு செய்யும் அளவுக்கு நிலைமை போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தகட்டை எடுத்துவிட்டார்கள்.

ஊசி வந்த கதை

1955-ல் நியூயார்க் டாக்டர் ஜேனட் டிராவெல் அறிமுகமானார். வலிக்கும் தசைகளில் புரோக்கெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியில் செலுத்தினார். சட்டென்று நிம்மதி கிடைத்தது. கென்னடி அதிபரானதும் டிராவெல் அவரது டாக்டராக வெள்ளை மாளிகைக்குப் போனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

1961 மே மாதம், கனடாவில் மரம் நடும் விழாவில் குனிந்து மண் அள்ளியதில் முதுகு பிடித்துக்கொண்டது. ஊசி தினமும் இரண்டு, மூன்று முறை என்றானது. மேக்ஸ் ஜேக்கப்சன் என்ற இன்னொரு டாக்டர், ஆம்ஃபெட்டமைன் கலந்த ஊசியும் போட்டார். மற்ற டாக்டர்கள் பயந்தார்கள். மருந்து வலியை மறைக்கிறது, அவ்வளவுதான்; பலவீனமான தசை அப்படியேதான் இருக்கிறது என்பது அவர்கள் கவலை.

திருப்பம்

அந்த ஆண்டின் கடைசியில் டாக்டர் ஹான்ஸ் கிராஸ் வந்தார். புரோக்கெய்ன் ஊசியை நிறுத்தச் சொன்னார். பதிலாக வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி. சில மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும் இடுப்புப் பட்டையை கென்னடி முழுசாக விடவில்லை. 1963 நவம்பர் 22-ல் டாலஸில் சுடப்பட்டபோதும் அதை அணிந்திருந்தார். வயது 46.

இன்று என்ன நிலை?

இப்போது முதுகெலும்பின் சிறு மூட்டுகளிலும், முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டிலும் ஊசி போடுகிறார்கள். மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டும் சேரும். ஊசி சரியான இடத்தில் இறங்குகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொள்வார்கள். சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வலி குறையும். சிலருக்குப் பலனே இருக்காது. வலி குறைந்திருக்கும் அந்த நாட்களில் பயிற்சி செய்து தசையை வலுவாக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் மருந்தின் வேகம் அடங்கியதும் வலி திரும்ப வாய்ப்பு அதிகம்.